புகையைக் கேளு பேராண்டி

வாய்யா பேராண்டி. உன் தாத்தன் போனதும் காடு பெரியப்பனுக்கு, வீடு சித்தப்பனுக்கு, ஜீப் உனக்குன்னு பிரிச்சாங்களாமே! பங்கு பிரிச்சவன் கெட்டிக்காரன். காட்டுக்கும் வீட்டுக்கும் டீசல் ஊத்த வேண்டியதில்ல பாரு.

கிளம்பாத ஜீப்பைப் பாக்க மெக்கானிக் ஒருத்தன் வந்து, சாவியக்கூடத் திருப்பாம, "எஞ்சினை இறக்கணும், போர் வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனானாம். நாடி பாக்காமலே காரியத்துக்கு நாள் குறிச்சுட்டான். எவ்வளவு கேட்டான்னு நான் கேக்கல, உன் மொகமே சொல்லுது.

பானெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல பாரு. 1947-ல பம்பாய்ல வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா பூட்ட ஆரம்பிச்சதுலேருந்து அந்த மூக்குக்குள்ள எத்தனையோ எஞ்சின் வந்து போயிருக்கு. பெட்ரோல் ஹரிக்கேன், 2112 சிசி பியூஜோ டீசல், அப்புறம் டிஐ. பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாம டீசல் எஞ்சினை மாத்தி ஏத்தினவங்களும் உண்டு. ஆர்சி புக்குல இருக்குற எஞ்சின் நம்பரும் எஞ்சின்மேல வெட்டியிருக்குற நம்பரும் ஒண்ணான்னு துடைச்சுப் பாத்துக்க. உன் தாத்தனுது பியூஜோ. அது காலைல குளிருக்கு ஹீட்டர் பிளக் சூடேறாம எழுந்திரிக்காது. ஒவ்வொரு பிளக்கோட கனெக்‌ஷனையும் தனியாக் கழட்டு. பேட்டரி பிளஸ்லேருந்து டெஸ்ட் பல்பு வழியா பிளக் நுனியைத் தொடு. பல்பு எரியலன்னா பிளக் செத்துப்போச்சு. அதை மாத்துறதுக்கு எவனும் எஞ்சினை இறக்க வேண்டாம்.

ஸ்டார்ட்டர் 'டக் டக்'னு மட்டும் சொல்லுதா? பேட்டரி டெர்மினல்ல பூத்திருக்குற வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவு. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஓடுற எர்த் பட்டையைக் கழட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு இறுக்கு. இதுக்கே பாதி ஜீப்பு பொழைச்சுக்கும். சுத்தலன்னு சாவியைப் பிடிச்சுத் தொங்காத. பத்து வினாடி சுத்து, விடு, ஆறட்டும்.

வண்டி ஓடித் தேஞ்சதுன்னு நீ நெனைக்கிற. நின்னு கெட்டதுய்யா அது. நிக்கிற டேங்குல தண்ணி சேரும், துரு சேரும். அடில இருக்குற போல்ட்டைக் கழட்டி ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பாரு. தண்ணி கீழ தங்கி, டீசல் மேல நிக்கும். அதைக் கொட்டிட்டு ஃபில்டரை மாத்து.

ஸ்டார்ட் ஆகி ரெண்டு உறுமல் உறுமிட்டுச் சாகுதுன்னா காத்துப் பிடிச்சிருக்கு. மேட்டைப் பாத்து நிறுத்தினா காலைல கைப்பம்பு அடிக்காம கிளம்பாது, இறக்கத்தைப் பாத்து நிறுத்தினா சமத்தாக் கிளம்பும். டேங்கு பின்னால, எஞ்சின் முன்னால. ரப்பர் ஓஸு வெடிச்சிருந்தா மேட்டுல டீசல் பின்னாடி வழிஞ்சு போயிரும். இதுல ஒரு திருட்டுத்தனம் இருக்கு. அந்த ஓஸுல ஒரு சொட்டு வெளிய கசியாது. பம்பு இழுக்குற பக்கமாச்சே, காத்தை உள்ள உறிஞ்சிக்கும். நீ கீழ குனிஞ்சு ஈரம் தேடிக்கிட்டே கிடப்ப. ஓஸை மாத்து. ஃபில்டர் தலைல இருக்குற ஸ்க்ரூவை லூஸ் பண்ணு, கைப்பம்பை அடி. நுரை நின்னு வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கு.

ஓட ஆரம்பிச்சதும் புகையைப் பாரு. கறுப்புன்னா டீசல் கூட, காத்துக் கொறைவு. நம்ம காந்தலூர் சுமார் 1500 மீட்டர் உசரம், கீழ கடலோரத்துல கிடைக்கிற காத்துல ஆறுல ஒரு பங்கு இங்க கிடையாது. ஏத்தத்துல கொஞ்சம் கறுத்தா பயப்படாத, ஏர் ஃபில்டரைக் கழுவு. வெள்ளைன்னா எரியாத டீசல், சூடேறினா அடங்கணும். சூடேறியும் அடங்காம, ரேடியேட்டர்ல தண்ணியும் கொறைஞ்சா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாரு. குமிழி விடாம வந்தாலோ, ஆயில் குச்சில பால் டீ நிறம் தெரிஞ்சாலோ, அப்ப மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடு. இந்த உசரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிக்கும், அதனால பிரஷர் பிடிக்காத ரேடியேட்டர் மூடியும் ஹெட் போன மாதிரி நாடகம் ஆடும். புது மூடி போட்டுப் பாத்துட்டு அழு.

நீலப்புகைதான் ஆயில் எரியறது. அதுக்கும் அவசரப்படாத. ரொம்ப நாள் நின்ன எஞ்சின்ல ரிங்கு ஒட்டிக்கிட்டிருக்கும், கொஞ்ச நாள் ஓட்டினா விட்டுக்கொடுக்கலாம். அப்புறமும் ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா 'புஸ் புஸ்'னு புகை அடிச்சா, அந்த மெக்கானிக் சொன்னது சரிதான். அவன்கிட்ட சொல்லிராத, கூலியை ஏத்திருவான்.

மிஸ்ஸிங் அடிச்சா, நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணா லேசா லூஸ் பண்ணு. எதை லூஸ் பண்ணும்போது சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர்தான் சோம்பேறி. கையைக் கிட்ட கொண்டுபோகாத, அந்த டீசல் தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிரும்.

இதுக்கெல்லாம் முந்தி பிரேக்கைப் பாருய்யா. எஞ்சின் கெட்டா வண்டி நிக்கும். பிரேக் கெட்டா நிக்காது.

காகித வேலையும் இருக்கு. ஓனர் செத்தா 30 நாளுக்குள்ள ஆர்டிஓ ஆபீசுக்குத் தகவல் குடுக்கணும், மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31 எழுதிப் பேரை மாத்தணும். நமக்கு தேவிகுளம் ஆபீசு. 15 வருசம் தாண்டின வண்டி, ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிச்சிருக்கான்னும் பாரு. உன் தாத்தன் பூண்டு வெலை பாத்த அளவுக்குத் தேதி பாத்தவன் இல்ல.

வண்டி கிளம்பிருச்சுன்னா ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காத, ஆளாளுக்கு லிஃப்டு கேப்பாங்க. நேரா நம்ம வீட்டுப் பக்கம் வா. பூண்டு மூட்டை கொஞ்சம் கிடக்கு, மறையூர் வரைக்கும் இறக்கிக் குடுத்துட்டுப் போயிரு. டீசல் காசெல்லாம் உன் தாத்தன் எங்கிட்ட கேட்டதே இல்ல.