ஞாயிறு காலை சலூனில் காத்திருப்பு நேரம்: இயல்நிலைப் பரவல் வழி ஓர் ஆய்வு

ஞாயிறு காலை சலூனுக்குப் போனவர் எத்தனை மணிக்குத் திரும்புவார் என்ற வினா வீட்டுக்கு வீடு சூடாக விவாதிக்கப்படுகிறது. எனினும் அறிஞர் பெருமக்கள் இதில் கை வைக்கத் தயங்குகின்றனர். இக்கட்டுரை துணிகிறது.

கருவி பழையது: இயல்நிலைப் பரவலின் வளைவு. 1733இல் கணித அறிஞர் டி மாய்வர் நாணயம் சுண்டும் கணக்கிலிருந்து இந்த வளைவைக் கண்டெடுத்தார். 1809இல் காஸ் அதைக் கோள்களின் பாதையை அளப்பதில் நேரும் பிழைகளுக்குப் பொருத்தினார். பின்னாளில் ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் காஸின் முகத்தோடு வளைவும் அச்சேறியது. கோளுக்குப் பொருந்தியது மீடியம் கட்டிங்குக்குப் பொருந்தாதா என்ன?

எடுகோள்: ஒரு கட்டிங்கின் சராசரி 25 நிமிடம், திட்டவிலக்கம் 5. பெஞ்சில் நமக்கு முன் மூவர். நாற்காலி ஒன்று, காலியாக. மூவருக்கும் சேர்த்துச் சராசரி 75. திட்டவிலக்கத்தையும் மூன்றால் பெருக்கி 15 என்பது கற்றுக்குட்டிகளின் வழக்கம். கூட்ட வேண்டியவை திட்டவிலக்கத்தின் வர்க்கங்கள்: 25, 25, 25. அவற்றின் கூடுதலுக்கு வர்க்கமூலம் 8.66. ஆகவே 90 நிமிடத்தைத் தாண்டிக் காத்திருக்கும் நிகழ்தகவு, இசட் மதிப்பு 1.73க்கு அட்டவணையைப் பார்த்தால், சுமார் 4 விழுக்காடு. இருபத்து நான்கு ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு. இதை நம்பி யாரும் வீட்டில் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

முதல் சிக்கல் சிறியது. இதே வளைவின்படி, நாற்காலியில் உட்காரும் முன்பே கட்டிங் முடிந்துவிட 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. நேரத்துக்கு இடப்பக்கம் சுவர் இருக்கிறது, வலப்பக்கம்தான் திறந்தவெளி. டை, மசாஜ், "அப்படியே மீசையையும் கொஞ்சம்" எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. அறுவை அரங்குகளின் நேரக் கணக்குக்குக்கூட வலப்பக்கம் வால் நீண்ட மடக்கை இயல்நிலைப் பரவலே பெரும்பாலும் நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டாவது பெரியது. மூவரின் நேரங்களும் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டுதான் வர்க்கங்களைக் கூட்டினோம். ஆனால் கூட்டணிப் பேச்சு தொடங்கிவிட்டால் கத்தரி அந்தரத்தில் நிற்கிறது. கடைக்காரர் கண்ணாடி வழியே பெஞ்சோடு வாதாடுகிறார். முதல் தலையில் ஏற்பட்ட தாமதம் மூன்றாம் தலை வரை தொடர்கிறது. மூன்று நேரங்களும் முற்றிலும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் கற்றுக்குட்டியின் 15தான் சரி! நிகழ்தகவும் 4இலிருந்து ஏறத்தாழ 16 விழுக்காட்டுக்குத் தாவுகிறது.

மூன்றாவதற்கு ஆய்வுலகில் இன்னும் பெயரிடப்படவில்லை. மூவரை எண்ணி உட்கார்ந்த பிறகு, டீக்கடைப் பக்கமிருந்து ஒருவர் வாயைத் துடைத்தபடி நுழைந்து நேரே நாற்காலியில் அமர்கிறார். நாம் எழுந்து நின்றால், "அண்ணன் காலையிலயே சொல்லிட்டுப் போனாருண்ணே. நீங்க உட்காருங்க, தோ ஆயிடும்" என்கிறார் கடைக்காரர். இப்போது நால்வர். கூட்டணிப் பேச்சே இல்லாவிட்டாலும் சராசரி 100, திட்டவிலக்கம் 10. 90 நிமிடத்தைத் தாண்டும் நிகழ்தகவு 84 விழுக்காடு. வந்தவர் டை அடிக்க வந்தவர் என்றால் இந்த அட்டவணை செல்லாது.