நாலு மணிநேர நாயகர்

மும்பை தாதர் ஸ்டேஷன் பாலத்தில் காலை வேளையில் எல்லோரையும் இடித்துக்கொண்டு ஓடுகிறவர்தான் இவர். வீடு மாட்டுங்காவில், ஃபாஸ்ட் லோக்கலுக்காகத் தாதர் வருவார். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுவதைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வார். 9.15-க்குப் பங்குச்சந்தை திறக்கையில் ஒரு கை கம்பியில், மறு கை செல்போனில். பரேல் வருமுன் நிஃப்டி ஆப்ஷன் வாங்கி, பைகுல்லா வருமுன் நஷ்டத்துக்கு விற்று, "பட்டுபட்டுன்னு முடிவெடுக்கணும் சார்" என்று பக்கத்தில் நசுங்குகிறவருக்கு உபதேசமும் செய்துவிடுவார். சாயங்காலம் கொத்தமல்லி வாங்க ரானடே சாலைக்குள் நுழைந்தால் மூன்று சட்டை, ஒரு குடை, ஒரு தவா சகிதம் திரும்புவார், கொத்தமல்லி மறந்திருக்கும்.

இதற்குச் சுறுசுறுப்பு என்று அவர் பெயர் வைத்திருக்கிறார். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. சூரிச் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 14 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். நிச்சயமாகக் கிடைக்கும் சிறு தொகையை விட்டுவிட்டு, வந்தால் வரும் என்ற பெரிய தொகையின் பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். சாய்ந்தது அவர்களுக்கே தெரியவில்லை. "எனக்குப் பழகிப்போச்சு" என்பார் நம்மவர். பென்சில்வேனியாவில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வில் இரண்டு வாரம் நாலு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு கண்மூடாதவர்களுடையதைப்போலச் சிதறியது. அவர்களும் லேசான அசதிதான் என்றார்கள். தூக்கம் கெட்டால் நிதானத்தோடு, நிதானம் போனதைக் கண்டுபிடிக்கும் புத்தியும் போய்விடுகிறது. எனவே தன் வழக்கில் அவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்.

குறைந்த தூக்கத்திலேயே நன்றாக இருக்கும் மரபணு சிலருக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அது அபூர்வம், லோக்கலுக்கு லோக்கல் நூறு பேருக்கு வாய்ப்பதில்லை. விடியுமுன் தாதர் பூ மார்க்கெட்டில் கடை விரிப்பவர் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு எங்கே போவார் என்ற கேள்வியும் நியாயமானது. அதற்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. அங்கே குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், இரவுத் தூக்கத்தை அரை மணி கூட்டியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மதியம் வேலையிடத்தில் குட்டித்தூக்கம் போட்டவர்களுக்கோ வேலைத்திறனும் பொறுமையும் கூடின. ஆகவே நாயகரே, மதியம் அரை மணி கண்ணயருங்கள். அதற்கும் வழியில்லையென்றால், பணம் போகும் முடிவுகளையாவது ஞாயிறு மதியம் தூங்கி எழுந்தபின் எடுங்கள். அன்றைக்குச் சந்தைக்கும் விடுமுறை.