தொந்தியும் கோட்டையும்

உக்காருப்பா. நடக்கறதுதான் உனக்கு ஆவாதே! நாலு வூடு தள்ளி இருக்கற டீக்கடைக்கு ஒரு பைக்கு. 45 வயசுல நீ பாக்கற சொகுச ஆற்காட்டு நவாப்புகூடப் பாத்திருக்க மாட்டாரு.

நம்ம செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை எண்ணூறு அடி. 2025 ஜூலையில நம்ம கோட்டைய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்ததும் சேத்துச்சு, எங்கிருந்தெல்லாமோ வந்து மூச்சு வாங்க ஏறுறான். நீ அடிவாரத்துலயே பொறந்தவன். அவன் இறங்கி வரதுக்குள்ள நாலு பஜ்ஜி, ரெண்டு பீடி முடிச்சிடற. பலே. மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வருஷக்கணக்கா முற்றுகை போட்டு 1698-லதான் இந்தக் கோட்டையப் புடிச்சான். பிரஷரும் சர்க்கரையும் அந்த மாதிரிதான், அவசரமே படாது. மூளைக்குப் போற ரத்தக்குழாயக் கொஞ்சம் கொஞ்சமாக் கெடுத்துக்கினு இருக்கும். மறதியா உள்ள பூந்துட்டது தெரியும்போது உனக்கு எழுபது வயசு.

செஞ்சிய ஆண்ட தேசிங்கு ராஜா பேரு டக்குனு வாயில வரலியா, அது வயசு. செஞ்சிக் கூட்ரோட்ல நின்னுக்கினு நம்ம வூடு எந்தப் பக்கம்னு தெரியலியா, அது மறதி நோயா இருக்கலாம், டாக்டர்கிட்டப் போ. நம்ம நாட்ல 60 தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு அது இருக்குதாம். தேசிங்குக்கு அந்தக் கவலையே இல்ல; 1714-ல எளவயசுலயே போய்ட்டாரு.

லான்செட்னு ஒரு மருத்துவப் பத்திரிகை. அதோட வல்லுநர் குழு 2024-ல மறதி நோய்க்கு 14 காரணம் எழுதுனத என் பேத்தி படிச்சிக் காட்னா. பிரஷர், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொந்தி, பொகை, குடி, ஒடம்ப அசைக்காம கெடக்கறது... அவ படிக்கப் படிக்க எனக்கு உன் மொகம்தான் வந்துச்சு. தலையில அடிபடறதும் அதுல கீது. ஹெல்மெட்ட பெட்ரோல் டேங்க் மேல மாட்டிக்கினு போறியே, உனக்கு மூளை அங்கயா இருக்குது? காது மந்தமும் ஒரு காரணமாம். பொண்டாட்டி கூப்பிட்டா மட்டும் கேக்கலன்னா அது நடிப்பு. எல்லாரு சத்தமும் கேக்கலன்னா மிஷின் மாட்டு. யாரோடவும் பேசாம ஒண்டியா கெடக்கறதும் ஆவாதாம். அதனால இந்தத் திண்ணை வம்ப மட்டும் வுட்றாத, அதுல நீ செய்யறது எல்லாமே சரி.

அந்த 14-யும் சரிபண்ணா, மறதி நோய் வரக்கூடிய நூறு பேர்ல 45 பேருக்கு அது வராமலே போவலாம், இல்ல தள்ளிப் போவலாம். மிச்சம் நம்ம கையில இல்ல. அந்த நோயாளி இருக்கற வூட்டுக்குப் போயி 'ஒழுங்கா இருந்திருந்தா...'ன்னு நாட்டாமை பண்ணாத.

நீ குடுத்த கைமாத்து இன்னும் என்கிட்டதான் கீது. உனக்கு மறந்தா எனக்கு லாபம். அப்படியும் சொல்றன் பாரு!

மக்களைத் தேடி மருத்துவம்னு அரசாங்கத் திட்டத்துல 2021-லேர்ந்து பிரஷர் பாக்க ஒரு அம்மா வூடு தேடி வராங்க. அந்தம்மா வந்தா கொல்லப்பக்கமா ஓடாத, கைய நீட்டு. மாத்திரை குடுத்தா மாடத்துல வைக்காம முழுங்கு.