தெர்மாகோல் விஞ்ஞானிகள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்களின் புத்தகப் பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதே ஆண்டு மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. (சுமையில்லாத கல்வி வேண்டும் என்று யஷ்பால் குழு 1993-லேயே அறிக்கை கொடுத்தது. அதுவும் கனமாக இருந்திருக்கும் போல, யாரும் தூக்கவில்லை.)

பள்ளிகள் சட்டத்தை மீறுவதில்லை. வீட்டுப்பாடம் கிடையாது, ‘ஆக்டிவிட்டி’ மட்டும்தான். ராத்திரி ஒன்பதரைக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி விழும்: நாளைக்குச் சூரியக் குடும்பம் கொண்டு வரவும். அப்பா ஸ்டேஷனரிக் கடைக்காரரின் பாதி இறங்கிய ஷட்டருக்குள் குனிந்து கெஞ்சுகிறார். அம்மா தெர்மாகோல் உருண்டைக்குச் சிவப்பு அடித்துச் செவ்வாய் ஆக்குகிறார். சனிக்கு வளையம் வேண்டுமே என்று பாட்டியின் பழைய வளையலைத் தாத்தா மாட்டிப் பார்க்கிறார். பெவிகால் அவர் லுங்கியில். ஏழு வயது விஞ்ஞானி சோபாவில் தூங்கி வெகுநேரமாகிறது.

மறுநாள் ‘வெரி குட்’, ஒரு ஸ்டார். யாருக்கு என்றுதான் எழுதவில்லை.

பை கணக்கு இன்னும் சுவையானது. ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. மிச்ச அரைக் கிலோவில் டிபன் பாக்ஸ் ஏறிவிட்டால் கல்விக்கு இடமேது? ஆகவே பை தாத்தா தோளுக்குப் போகிறது. அவர் முதுகுக்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லை. “கனம் தூக்காதீங்க” என்ற டாக்டரிடம் அவர் கேட்டாராம்: “பேத்தி பிளஸ் டூ முடிக்கிறவரைக்குமாவது தூக்கலாமா சார்?”