தலைமன்னார்க் கப்பலுக்கு முந்திப் பதிவதா, பொறுத்திருப்பதா: ஓர் அளவையியல் விசாரணை

கப்பற் பயணத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்வது நல்லதா, கடைசி நேரத்தில் விலை இறங்கும்வரை பொறுத்திருப்பது நல்லதா என்ற பொருள் குறித்து மேலைநாட்டார் ஏராளமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் எழுத்தில் ஒரு பெருங்குறை உண்டு. கப்பல் என்று ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் ஆராயாமலே ஒப்புக்கொண்டு தொடங்குகிறார்கள். மன்னார்த் தீவிலிருந்து இதே பொருளை ஆராய்பவனுக்கு அந்தச் சொகுசு கிடையாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் சொச்சம் கடல் இருக்கிறது, அதற்கு இரு கரையிலும் போக விரும்பும் மக்கள் இருக்கிறார்கள், கப்பல்தான் இல்லை. ஆகவே நம் ஆய்வு சரக்குக் கலப்பில்லாத சுத்தத் தத்துவமாக அமைகிறது.

எதிராளியின் வாதத்தை முதலில் சொல்லிவிடுவது நம் மரபு. முந்துவோர் கட்சி சொல்வதாவது: உல்லாசக் கப்பல் கம்பெனிகள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகளை வாரி இறைக்கும். அப்போது பதிந்தவருக்குப் பல்கணி வைத்த அறை. பிந்தியவருக்கு ஜன்னலே இல்லாத அறை. விடிந்ததா இருண்டதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுப்போர் கட்சி மறுப்பதாவது: மீதிப் பணம் கட்டும் கெடு பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வரும். அந்தக் கெடுவில் பலர் கழன்றுகொள்வார்கள். மிஞ்சிய அறைகளைக் கம்பெனி வந்த விலைக்குத் தள்ளும்.

பொறுப்போர் கட்சியின் நியாயம் பேசாலைக் கரையில் மீன் ஏலம் பார்த்த எவருக்கும் உடனே பிடிபடும். விடியற்காலையில் விளைமீனுக்கு ஒரு விலை, வெயில் ஏறியபின் வேறு விலை. ஆனால் விற்காத மீனைச் சம்மாட்டி கீறி, உப்புப் போட்டு, கருவாடாக்கிவிடலாம். விற்காத கப்பல் அறையைக் கருவாடு போட முடியாது. கயிறு அவிழ்த்த கணமே அதன் மதிப்பு பூச்சியம். உல்லாசக் கப்பல் பொருளாதாரம் முழுவதும் இவ்வளவுதான். இதற்குப் பல்கலைக்கழகங்களில் தனிப் பாடநெறி வைத்திருப்பது வீண் செலவு.

உல்லாசக் கப்பலே வடபுலத்தைத் தீண்டவில்லை என்று யாரும் குறைசொல்ல இயலாது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை என்று சுற்றி, 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் வந்தது. 1990இல் கட்டிய கப்பல். மேல்தட்டில் நீச்சல்குளம் உண்டு. அது மன்னார்ப் பக்கம் தலைகாட்டாததற்கு மன்னார் மீது வெறுப்பு காரணமில்லை. அந்தக் கப்பலின் அடி நீருக்குள் ஏழு மீற்றர் அளவுக்கு இறங்கும். நம் இராமர் அணையிலோ பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரே பெரிய காரியம். திட்டுக்குத் திட்டு நடந்துபோகக்கூடிய கடலில் நீச்சல்குளத்தோடு கப்பல் விட முடியாது. அதில் ஏற விரும்பும் மன்னார்வாசி முதலில் கொழும்புக்கு பஸ் எடுத்து, கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, அங்கே கப்பலேறி, காங்கேசன்துறைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைச் சுற்றுலாப் பயணியாகப் பார்த்துவிட்டு, மறுபடி சென்னைக்குப் போக வேண்டும். இந்த வழியைப் பரிந்துரைக்க இக்கட்டுரையாசிரியருக்கு மனம் வரவில்லை.

எனவே ஆய்வுப் பொருளைத் தலைமன்னார்–இராமேஸ்வரம் பயணிகள் கப்பலோடு நிறுத்திக்கொள்வோம். ஆய்வுமுறைக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சைவ சித்தாந்திகள் வகுத்துத் தந்திருக்கிறார்கள். திருக்கேதீச்சரம் இருக்கும் மாவட்டத்தில் வேறு முறையைக் கையாள்வது மரியாதையும் இல்லை.

காண்டல். தலைமன்னார் பியர் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி வடக்கே பார்த்தால் தண்டவாளம் முடிகிற இடம் தெரியும். அதற்கப்பால் பழைய இறங்குதுறை. இரும்புத் தூண்கள் துருவேறி, தோல் உரிவதுபோல் பொருக்குப் பொருக்காய் உதிர்கின்றன. மேலே பலகை கொஞ்சம் மிச்சம், பலகை இல்லாத இடம் நிறைய. காகமும் கடற்பறவையும் முன்பதிவில்லாமல் உட்கார்ந்திருக்கும். கீழே கண்ணாடியிழை வள்ளங்கள். கப்பல் காணக் கிடைக்கவில்லை. ரயில் மட்டும் வரும்: 1990இல் போரில் அறுந்த பாதையை இந்தியாவின் இர்கொன் நிறுவனம் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14இல் இந்தியப் பிரதமர் மோடியே தலைமன்னாருக்கு வந்து கொடியசைத்தார். கப்பலுக்கு ஆள் ஏற்றிவரப் பிறந்த ரயில், ஆளை இறக்கிவிட்டுத் தானும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. காண்டல் அளவை பொறுப்போர் கட்சிக்கு.

கருதல். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது இந்த அளவைக்குப் பாடப்புத்தக உதாரணம். தலைமன்னாருக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் இந்தக் கடலில் நீராவிக் கப்பல்கள் புகைவிட ஆரம்பித்தன. பிற்காலத்தில் ஓடியவற்றில் ‘கோஷன்’, ‘இர்வின்’ என்பன பேர்போனவை. வெள்ளைக்கார ஆளுநர், அரசப் பிரதிநிதி பெயர்களைச் சுமந்தவை. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் மாறி, கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். ரயிலுக்கும் கப்பலுக்கும் தனித்தனியே பதிகிற தொல்லை இல்லை. ரயில் வந்தால் கப்பல் நிற்கும். கப்பல் வந்தால் ரயில் நிற்கும். முந்துவதா பொறுப்பதா என்ற கேள்வி அந்தக் காலத்தில் யார் மனதிலும் எழுந்திருக்காது. கப்பல் ஒழுங்காக ஓடுகிற ஊரில் தத்துவம் வளராது என்பதற்கு இதுவே சான்று.

ஒரு சாராருக்கு அப்போதும் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் பிடித்துவந்த கங்காணி, நாளையும் கப்பலையும் தானே தீர்மானித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகரத் துண்டொன்று தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்டது; பயணச்சீட்டும் அதுவே, விலாசமும் அதுவே. மண்டபம் முகாமில் தொற்றுநோய்க் காப்புக்காக நாட்கணக்கில் காத்திருப்பு. பயணச்செலவோ அவர்கள் கணக்கில் கடனாக ஏறியது. பயணம் முதலில், கட்டணம் பிறகு, அதுவும் ஆண்டுக்கணக்கில் தவணையாக. பிறகு 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவு செய்தார்கள். போகவேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் மிகப் பலர் இதே தலைமன்னாரில்தான் ‘இராமானுஜம்’ கப்பலில் ஏறினார்கள். இத்தனை பேருக்கு, இவ்வளவு முன்கூட்டியே, ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் பதிவு செய்த வேறு கப்பற்சேவையை இக்கட்டுரையாசிரியர் அறியார். முன்பதிவின் மேன்மை பற்றி யாரேனும் பேச ஆரம்பித்தால் இதையும் நினைவூட்டிவிட வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலை ஆட்களோடு கடல் கொண்டுபோனது. துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980களில் போர் வந்ததும் அந்தக் கப்பலும் நின்றது. புகை இருந்தது, நெருப்பு இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. முன்னே இருந்தது இனியும் வரும் என்று கருதுவது தர்க்கத்தில் செல்லுமா என்று கேட்டால், தர்க்கத்தில் செல்லாது. தேத்தண்ணிக் கடையில் செல்லும்.

உரை. ஆகமத்துக்குச் சமமாக இரு அரசுகளின் கூட்டறிக்கைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 2011 ஜனவரியில் பயணிகள் கப்பல் பற்றிய புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. தலைமன்னார்–இராமேஸ்வரம் அதில் இருக்கிறது. 2023 ஜூலை 21இல் ரணில் விக்கிரமசிங்க டில்லி போனபோது வெளியான ஆவணத்திலும் இருக்கிறது. 2024 டிசம்பர் 16இல் அநுர குமார திசாநாயக்க போனபோது வந்த கூட்டறிக்கையிலும் இருக்கிறது. மூன்று ஆகமங்களுக்குள் முரண்பாடு இல்லாதிருப்பது பெரும் பேறு.

இங்கே இக்கட்டுரையாசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றைப் பதிவு செய்கிறேன். முதல் அறிக்கைக்கும் இரண்டாவதுக்கும் இடைவெளி ஏறத்தாழ 150 மாதம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 17 மாதம். இடைவெளி ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. இதே கதியில் போனால் அடுத்தது இரண்டு மாதத்தில், அதற்கடுத்தது ஒரு வாரத்தில், அப்புறம் நாளொன்று, பிறகு மணிக்கணக்கில். கப்பல் வருமுன் அறிக்கைகளே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மறுகரை வரை பாலமாகிவிடும் வாய்ப்பை அறிஞர்கள் புறந்தள்ளக்கூடாது. கணக்கின்படி 2025 பெப்ரவரியில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். நடந்தது: அந்த மாதம் 22ஆம் திகதி கப்பல் ஓடவே செய்தது, நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே. கோட்பாடு சரி, துறைமுகம்தான் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

அந்த அயல்வழிச் சேவையைத் தவிர ஆய்வுக்கு நமக்கு வேறு உயிருள்ள மாதிரி இல்லை. 2023 அக்டோபர் 14இல் ‘செரியபாணி’ என்ற வேகக் கப்பல் நாகபட்டினத்தில் புறப்பட்டது. முதல் நாள் சலுகைக் கட்டணம். வழக்கமான கட்டணம் வரியோடு 7,670 இந்திய ரூபாய். மறுநாளுக்குப் பதிந்தவர்கள் மிகச் சொற்பம் என்பதால் பயணமே ரத்து. விலை இறங்கட்டும் என்று பயணி காத்திருக்க, பயணி சேரட்டும் என்று கப்பல் காத்திருந்தது. இருவரில் யார் முதலில் அசைவது என்று தீருமுன் மூன்றாமவர் வந்துவிட்டார். வாடைக்காற்று. அதே மாதம் 20ஆம் திகதியோடு சேவை நின்றது. திரும்ப வந்தது 2024 ஆகஸ்ட் 16இல், ‘சிவகங்கை’ என்று வேறு கப்பலாக. இதற்கு முன் 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் ‘ஸ்கொட்டியா பிரின்ஸ்’ ஓடியது. அதுவும் நவம்பரோடு சரி.

மேலை அறிஞர்கள் கோட்டைவிட்ட இடம் இதுதான். அவர்களுடைய வரைபடங்களில் ஒரு அச்சில் விலை, மறு அச்சில் நாள். காற்றுக்கு அச்சே இல்லை. மன்னாரில் விலையும் நாளும் காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறவை. சோளகம் வீசுகிற மாதங்களில் தீவின் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் குளம்போல் கிடக்கும். வாடை திரும்பினால் கதை தலைகீழ். மீனவர் வலையையும் வள்ளத்தையும் தூக்கிக்கொண்டு கரை மாறி வாடி போடுவார்கள். அந்த நாளை அவர்களுக்கு யாரும் குறுஞ்செய்தியில் அனுப்புவதில்லை. இராமேஸ்வரக் கப்பல் ஓடவேண்டியதோ பாக்குநீரிணைப் பக்கம். வாடையின் சொந்தக் காணி அது. நவம்பர், டிசம்பரில் அங்கே முன்பதிவு செய்பவர் பதிவது வாந்திக்கு.

களஆய்வில் கிடைத்த உரையாடல் ஒன்றையும் இணைக்கிறேன். தலைமன்னாரில் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கு. ஒரு முதியவர், ஓர் இளைஞர்.

“அண்ணை, கப்பல் விடப்போறாங்களாம். இப்பவே புக் பண்ணி வைப்பமா?”

“பொறு தம்பி. சோளகம் அடங்கட்டும்.”

“சோளகம் அடங்கினா வாடை எழும்பிடுமே?”

“அதுக்குத்தானே சொல்லுறன், அவசரப்படாத எண்டு.”

நூலறிவு இல்லாமலே இந்த முதியவர் அடைந்த இடத்தை இக்கட்டுரை இத்தனை பந்தி எழுதித்தான் அடைந்திருக்கிறது.

ஆட்சேபம் ஒன்று எழலாம். யாருமே முந்திப் பதியாவிட்டால் கப்பல் எப்படி வரும் என்று. நியாயமான ஆட்சேபம். முதலாம் நாள் ஏற ஆள் இருக்கும், படமும் எடுப்பார்கள். இரண்டாம் நாள் ஏற ஆள் வேண்டும். ஆகவே இராமேஸ்வரத்தில் நேர்த்திக்கடன் உள்ளவர்களும், மண்டபத்தில் இன்னும் அகதி முகாமில் உறவினர் உள்ளவர்களும், மடு மாதா திருநாளுக்கு அக்கரையிலிருந்து வர விரும்புபவர்களும், கப்பல் விட்ட இரண்டாம் நாளுக்கு ஒரு பெரிய கூட்டமாகப் பதியும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளை அமைச்சர்களுக்கு விட்டுவிடலாம்.

தீர்ப்பு. காங்கேசன்துறைக் கப்பலில் போகிறவர் மாசி முதல் சித்திரை வரை சில நாள் முன்பு பதிந்தால் போதும். ஐப்பசி பிறந்துவிட்டால் காசைக் கட்ட வேண்டாம். தலைமன்னார்க் கப்பலுக்குப் பொறுப்போர் கட்சியே வென்றது, வேறு தெரிவு இல்லாத காரணத்தால். முந்துவோர் கட்சிக்கு ஒரேயொரு இடத்தில் வெற்றி: கடவுச்சீட்டு. 2024இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து பத்தரமுல்லையில் வரிசை நின்றதைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். கப்பலை நம்பியிருக்கும் வாசகர்கள் தங்கள் கடவுச்சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கவும். அதன் ஆயுள் பத்து ஆண்டு. காலாவதி நெருங்கியிருந்தால் புதுப்பிக்கக் கொழும்புவரை போகவேண்டாம், வவுனியாவிலேயே அலுவலகம் இருக்கிறது.