பொய் வார்னிங் இயல்: கடலூர், சிதம்பரம் வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

குற்றமற்ற நிரலைக் கம்பைலர் சந்தேகப்பட்டுச் சொல்வது பொய் வார்னிங். எச்சரிக்கை என்பதே கடலூருக்குப் புதிதன்று. அங்கே துறைமுகத்தில் 1 முதல் 11 வரை எண்ணிட்ட புயல் கூண்டுகள் ஏற்றப்படுகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். சிதம்பரத்தில் துறைமுகம் இல்லை, ஆகவே கூண்டும் இல்லை. எச்சரிக்கை பார்த்தே தீரவேண்டும் என்னும் சிதம்பரவாசி, சி மொழியில் பத்து வரி எழுதி ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தால் போதும். 11ஆம் கூண்டு ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தது என்று பொருள். லினக்ஸில் 11ஆம் சிக்னல் வந்தால் நிரல் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டது என்று பொருள். இந்த எண் ஒற்றுமைக்கு எந்தத் தத்துவ விளக்கமும் இல்லை. ஆய்வாளர்கள் தேட வேண்டாம்.

பொய் வார்னிங்குகளில் தலையாயது, 'மதிப்பு தராத மாறியைப் பயன்படுத்துகிறாய் போலும்' என்பது. ஓர் 'இஃப்' கூற்றில் மதிப்பு தந்து, அதே நிபந்தனை கொண்ட அடுத்த 'இஃப்' கூற்றில் அதைப் பயன்படுத்தினால் மனிதருக்கு விளங்கும். கம்பைலருக்குச் சில வேளை விளங்காது. ஆப்டிமைசேஷன் அளவை மாற்றினால் அதே நிரலில் அந்த வார்னிங் மறையும், அல்லது புதிதாய் முளைக்கும். இதற்காகக் கம்பைலரைத் திட்டுவது முறையன்று. எல்லா நிரல்களின் நடத்தையையும் தவறின்றிக் கணிக்கும் நிரல் இருக்க முடியாதென்று ஹென்றி ரைஸ் 1953இலேயே நிறுவிவிட்டார்.

பரிகாரங்களில் எளியது, மாறிக்குத் தொடக்கத்திலேயே பூஜ்யம் கொடுப்பது. கம்பைலர் வாயடைத்துவிடும், நாளை உண்மையான பிழை நுழைந்தாலும் வாயடைத்தே இருக்கும். பயன்படாத மாறியை 'வாய்டு' என்று மாற்றி எழுதுவது தீங்கற்றது, அழகற்றது.

கொடிய பரிகாரம், புகாருக்குள்ளான வரியையே எடுத்துவிடுவது. 2006இல் டெபியன் லினக்ஸில் இது நடந்தது. வார்னிங் தந்தது கம்பைலர் அன்று, நினைவகத்தைச் சோதிக்கும் வால்கிரைண்ட் போன்ற கருவி; எனினும் நோய் ஒன்றே. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நூலகத்தின் தற்போக்கு எண் பகுதியில் ஒரே மாதிரியான இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. ஒன்றை நீக்கியதில் நட்டமில்லை. மற்றொன்றுதான் அந்த எண்களுக்குத் தற்போக்கையே ஊட்டிக்கொண்டிருந்தது. 2008 மே மாதம் குட்டு உடைந்தபோது, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் மிஞ்சியிருந்த சாத்தியங்கள் ஏறத்தாழ 32,768 மட்டுமே. ஒரு பூட்டுக்கு இது போதாது. வார்னிங் மட்டும் முறையாக நின்றிருந்தது.

சான்றோர் வழக்கு குனூ சி நூலகத்தில் காணப்படுகிறது. அங்கே வார்னிங்கை அடக்கும் மேக்ரோவின் பெயரிலேயே 'விளக்கக் குறிப்பு தேவை' என்ற ஆணை ஒட்டியிருக்கிறது. அடக்குவது குறிப்பிட்ட சில வரிகளுக்கு மட்டும். அவற்றைத் தாண்டியதும் பழைய நிலை திரும்பும். எந்த ஜிசிசி பதிப்பில் அந்த வார்னிங் காணப்பட்டது என்பதையும் எழுத வேண்டும், பின்னால் வருபவர் அது இன்னும் தேவையா என்று பார்த்து நீக்குவதற்காக.