புனைபெயர் என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

பெயரை ஒளித்துக்கொண்டு எழுதும் ஆசாமி யார் என்று கண்டுபிடிப்பதிலேயே உலகத்தார் காலமெல்லாம் முனைந்திருக்க, அவருக்கு ஒளிவிடமாக உதவும் ‘புனைபெயர்’ என்னும் சொல் தன் மடியில் எதை ஒளித்து வைத்திருக்கிறது என்பதை இதுகாறும் எவரும் சோதியாது விட்டது தமிழாராய்ச்சிக்கு நேர்ந்த பெருங்குறை என்பது எமது துணிபு.

புனைதல் என்பதற்குத் தொடுத்தல், சூடுதல், அலங்கரித்தல், கற்பித்தல் எனப் பல பொருள் உண்டு. பூமாலைக்கும் பொய்க்கும் ஒரே வினை போதுமென்று முன்னோர் கண்டனர். இதற்குமேல் பொருளாராய்ச்சி வேண்டுவதில்லை. இலக்கணமே கவனத்துக்குரியது. இச்சொல் வினைத்தொகை, வினைத்தொகையாவது காலத்தை மறைத்து நிற்கும் பெயரெச்சம் என்பது நன்னூலார் கொள்கை. ஆகவே, இது நேற்றுப் புனைந்த பெயரா, இன்று புனைகின்ற பெயரா, பத்திரிகாசிரியர் கதையைத் திருப்பியனுப்பிய பிறகு புனையப்போகும் பெயரா என்பதைச் சொல்லே வெளியிட மறுக்கிறது.

புனைபெயரின் வகைகளுள் முதலாவது, பிறர் சூட்டியது: எழுத்தாளர் மணியை மௌனி ஆக்கியவர் பி. எஸ். ராமையா. இரண்டாவது, தாமே சூடியது: சொ. விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தனானார். செய்யுளுக்கோ வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளையானார். ஊரும் இனிஷியலும் சாதிப் பட்டமும் அமைந்த பெயரைப்போல மறைந்துகொள்ள வசதியான இடம் வேறில்லை. மூன்றாவது, இயற்பெயர் தொலைந்த பின் பாட்டின் தொடரிலிருந்தே கிடைத்தது: குறுந்தொகையின் அணிலாடு முன்றிலார்.

இனி, ‘கல்கி’. ரா. கிருஷ்ணமூர்த்தி, ‘நவசக்தி’யில் தமக்கு ஆசிரியராயிருந்த திரு. வி. கல்யாணசுந்தரனாரின் பெயரிலிருந்து ‘கல்’லையும் தம் பெயரிலிருந்து ‘கி’யையும் எடுத்து இணைத்தார் என்பது செவிவழி வழக்கு. பத்தாவது அவதாரமே காரணம் என்பாரும் உளர். அவர்களை விட்டுவிடுவோம், அவர்கள் கூற்றில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. முன்னதை ஏற்றாலோ, கல்லைப் பெயர்த்தபின் ‘யாணசுந்தரனார்’ மிஞ்சுகிறார்; கியை உருவியபின் ‘ருஷ்ணமூர்த்தி’ நிற்கிறார். ஜடப்பொருளுக்கே அழிவில்லையென்று பௌதிக சாஸ்திரம் முழங்குகையில், எழுத்துக்கு மட்டும் அழிவு உண்டாகுமா? ஆகவே, யாணசுந்தர ருஷ்ணமூர்த்தி என்னும் மற்றோர் ஆசிரியர் இருந்தேயாக வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகம் ஓடியிருப்பதை நோக்குமிடத்து அஃது ஒரு கையால் ஆகக்கூடிய காரியமாகத் தோன்றவில்லை. அவர் எழுதியதாக ஒரு வரியும் அகப்படவில்லையே எனின், அவர் எவ்வளவு திறமையாக மறைந்திருந்தார் என்பதற்கு அதுவே தக்க பிரமாணமாம்.

இதற்கு ஆதாரம் யாதோ எனின், ஒரு சாரார் இங்ஙனம் கூறுவர். மற்றொரு சாரார் மறுப்பர். முதற் சாராரே சரியென்பர் பிறிதொரு சாரார். தொல்காப்பியர் ‘என்மனார் புலவர்’ என்று எத்தனையோ இடத்தில் சொன்னாரேயன்றி அப்புலவர் இன்னாரெனச் சொன்னாரில்லை. அவ்வழியே வந்த நம் பேராசிரியர்களும் அடுத்த அறையில் அமர்ந்திருப்பவரை மறுக்க நேரும்போதெல்லாம் ‘ஒரு சாரார்’ என்றே எழுதுவர். நேர்ந்தபோது தம்மையே மேற்கோள் காட்டவும் அதுவே கைகொடுக்கும். ஆதலின், தமிழில் மிகப் பலர் ஏறியிறங்கிய புனைபெயர் ‘ஒரு சாரார்’ என்பதே எமது தீர்ப்பு.

யாணசுந்தர ருஷ்ணமூர்த்தியின் கையெழுத்துப் பிரதி எதுவும் பரணில் அகப்படப்பெறும் அன்பர்கள் அதனை உடனே எமக்கு அனுப்பியுதவுவார்களாக; தபாற்கூலியை ஒரு சாரார் ஏற்றுக்கொள்வர்.